மாசியில் போங்கள், மதியம் தூங்கவிடுங்கள்

இரண்டரை வயதுப் பிள்ளையைப் பெரிய தீம் பார்க்குக்கு எப்போது கூட்டிப்போகலாம் என்று கேட்டீர்கள், தம்பி. மாசியில் போங்கள். பொங்கல் கூட்டம் வடியட்டும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறட்டும். பிறகு ஒரு செவ்வாயோ புதனோ வியாழனோ பார்த்துக் கிளம்புங்கள். காரணம் சொல்கிறேன், டீ ஆறுவதற்குள் முடியாது, இன்னொன்று சொல்லிவிடுங்கள்.

நமக்குப் பருவத்தைத் தண்ணீர் சொல்கிறது. பார்க் நடத்துகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் சொல்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அவர்களுக்கு அறுவடைக் காலம். காலாண்டு, அரையாண்டு விடுமுறை, தீபாவளி, பொங்கல் எல்லாம் அப்படித்தான். காணும் பொங்கலன்று சென்னைப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். இவற்றைக் கழித்தால் ஆண்டில் மூன்று ஆஃப் சீசன் மிஞ்சும்.

முதலாவது ஆடி, ஆவணி. பார்க்கில் கூட்டம் குறைவுதான், ஆனால் நமக்கு நேரமில்லை. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகப் புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்காலை விட்டு யார் நகர்வது? இரண்டாவது ஐப்பசி, கார்த்திகை. அப்போது டிக்கெட்டில் தள்ளுபடிகூடக் கிடைக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை. காற்றும் மின்னலும் இருந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை எப்படிக் கிடந்தது என்று டிவியில் பார்த்தோமே. மூன்றாவதுதான் நான் சொல்லும் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரையிலான காலம். பெரிய பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியிருக்கும், மழை இருக்காது. பிப்ரவரியில் சென்னையின் சராசரி உச்ச வெப்பம் 31 டிகிரி அளவில்தான். மே மாதத்தில் 37-ஐத் தாண்டிவிடும். நமக்கும் வயலில் வேலை ஓய்ந்திருக்கும். பார்க்குக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு வருவது இந்த ஒரு மாசியில்தான்.

இந்த வசதி எல்லோருக்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். எல்.கே.ஜி.யில் சேர்த்த மறுநாளே உங்கள் வீடும் பள்ளிக்கூட நாட்காட்டிக்குள் போய்விடும். அதுவரை இருக்கும் ஓரிரு மாசிகள்தான் உங்கள் கையில்.

எந்த பார்க் என்பது உங்கள் விருப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், மதுரைப் பக்கம் அதிசயம் என்று பழைய பெயர்கள் உண்டு. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தார்கள். பெரிது எப்படி இருக்கும் என்று காட்ட அதையே எடுத்துக்கொள்கிறேன். இடம் சுமார் 64 ஏக்கர். நம் கணக்கில் பத்து வேலிக்குக் கொஞ்சம் குறைவு. பத்து வேலியை நீங்கள் வரப்பிலேயே சுற்றி வந்துவிடுவீர்கள். ஆனால் அந்த வயதுப் பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ இருக்கும். நான்கு எட்டு நடக்கும், பிறகு கையை நீட்டும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றுவது வேறு கணக்கு. தள்ளுவண்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவையுங்கள்.

அடுத்தது உயரம். இந்த இடங்களில் வயதை விட உயரத்தைத்தான் பார்ப்பார்கள். வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை. 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 86 சென்டிமீட்டர், இரண்டரை வயதில் 91. அதாவது இரண்டாவது பிறந்தநாளையொட்டி இலவசம் முடிந்துவிடும். கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துகொண்டால் வாசலில் வாக்குவாதம் இருக்காது.

உள்ளேயும் ஒவ்வொரு ரைடுக்கும் ஓர் உயரக் கோடு உண்டு. அதைச் சலுகை கேட்டுத் தாண்டப் பார்க்காதீர்கள். தோள்மேல் வந்து பூட்டும் அந்தக் கம்பி பெரிய உடம்புக்குச் செய்தது; சின்ன உடம்பு அதற்குள் வழுக்கும். அதோடு இந்த வயதில் தலை உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், கழுத்துத் தசைக்கு இன்னும் வலு வரவில்லை. இளந்தாளில் முற்றிய கதிர் மாதிரி. திடீரென்று ஓர் உலுக்கு உலுக்கினால் தாங்காது. அந்த பார்க்கில் தஞ்சாவூரை நினைவூட்டும் பெயரோடு ‘தஞ்சோரா’ என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. தண்டவாளத்துக்குக் கீழே இருக்கை தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். தஞ்சை ஜில்லாக்காரர் என்பதற்காக உங்கள் பெண்ணை ஏற்றமாட்டார்கள்.

அப்படியானால் அவளுக்கு என்ன இருக்கிறது? குதிரை ராட்டினம், குட்டி ரயில், மெதுவாகச் சுற்றும் சில ரைடுகள், முழங்கால் ஆழத் தண்ணீர். அவளுக்கு அது போதும். ஒரே குதிரையில் ஐந்து முறை ஏற வேண்டும் என்பாள். மே மாதத்தில் அந்த ஐந்து முறைக்கும் ஐந்து வரிசை நிற்க வேண்டும். ஆஃப் சீசனில் இறங்கி, சுற்றி வந்து, மறுபடி ஏறலாம். எல்லா ரைடையும் பார்த்து முடிப்பதற்கு ஆஃப் சீசன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பிடித்த ஒன்றைப் பிள்ளை சலிக்கும்வரை செய்ய விடுவதுதான் அதன் லாபம்.

பெரியவர்கள் கதை என்ன? லாஸ் ஏஞ்சலஸில் மகள்கள் ராட்டினம் சுற்றும்போது பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த வால்ட் டிஸ்னிக்கு, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாம். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தார். ஆனாலும் கைக்குழந்தைக்காரர்களுக்கு அந்த பெஞ்ச் ஒழியவில்லை. அதனால்தான் டிஸ்னி பார்க்குகளிலும் யுனிவர்சலிலும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்க மற்றவர் ஏறி இறங்குவார். பிறகு பிள்ளையைக் கை மாற்றிக்கொண்டு, மறுபடி முழு வரிசை நிற்காமல் முதலாமவர் ஏறலாம். இங்கே அப்படி வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டாலும் கூட்டமில்லாத நாளில் அது தேவைப்படாது. நீங்கள் ஒரு முறை, உங்கள் வீட்டம்மா ஒரு முறை. அப்பாயியும் வந்தால் இன்னும் சுலபம்.

அன்றைய பொழுதைப் பிரிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கம் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வயதில்கூட 10 முதல் 13. நம் பிள்ளைகள் மதியம் சாப்பிட்டதும் கண்ணைக் கசக்கும். இந்த பார்க்குகளோ பெரும்பாலும் முற்பகல் 11 மணி வாக்கில்தான் திறக்கின்றன. ஆக, விழித்திருக்கும் நல்ல நேரம் முதலில் கிடைப்பது ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். அதைப் பெரிய ரைடுகளில் செலவழித்துவிட்டு மத்தியானம் குழந்தை ரைடுக்கு வந்தால் அழுகைதான் மிஞ்சும். உள்ளே போனதும் நேராகக் குழந்தைகள் பகுதிக்குப் போங்கள். பிறகு ஊட்டிவிட்டு, சத்தமில்லாத நிழலில் தூங்க வையுங்கள். அப்பாயி பக்கத்தில் இருக்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் இருவரும் தஞ்சோராவோ வேறெதுவோ ஏறிவிட்டு வாருங்கள். எழுந்த பிறகு தண்ணீர்.

தண்ணீர் பகுதிக்குப் பருத்தித் துணியோடு விடமாட்டார்கள். நைலான், பாலியெஸ்டர் நீச்சலுடை வேண்டும். வீட்டில் போடும் டயப்பர் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், நீச்சலுக்கென்று தனி டயப்பர் விற்கிறது. மாசியில் தண்ணீர் கொஞ்சம் சில்லென்றிருக்கும். உதடு நடுங்கத் தொடங்கினால் உடனே எடுத்துத் துவட்டிவிடுங்கள், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று அவள் கெஞ்சினாலும். இரண்டு மாற்று உடை போதாது, மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குழந்தை உணவை விடுவார்களா என்று முதல் நாளே கேட்டால் தயிர்சாதத்தின் கதி தெரிந்துவிடும்.

ஆஃப் சீசனுக்குக் குறையும் உண்டு. பராமரிப்பு வேலையை அந்த மாதங்களில்தான் வைத்துக்கொள்வார்கள், சில ரைடுகள் மூடியிருக்கும். உணவுக் கடைகளில் பாதிதான் திறந்திருக்கும். வேவ் பூலுக்கு அலை விடும் நேரம் குறையலாம். வார நாளில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வந்து இறங்கினால் அமைதி போச்சு. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் போன் போட்டு, எந்த ரைடு ஓடாது, குழந்தைகள் பகுதி முழுதும் திறந்திருக்குமா, ஸ்கூல் குரூப் புக்கிங் உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள்.

போகிற வழி. நம் பூதலூரிலிருந்து தஞ்சாவூரோ திருச்சியோ போய்ச் சென்னை ரயிலைப் பிடிப்பீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட் இல்லை. அரசுப் பேருந்திலும் 2022 முதல் ஐந்து வயது வரை இலவசம். திருப்போரூருக்கு எழும்பூர் வரை போகத் தேவையில்லை. செங்கல்பட்டிலேயே இறங்கி திருப்போரூர் சாலையைப் பிடிக்கலாம். பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூர், கேளம்பாக்கம் வழி. ஆனால் ராத்திரி முழுக்கப் பயணம் செய்துவிட்டு அப்படியே பார்க் வாசலில் போய் நிற்காதீர்கள். முதல் நாளே போய் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிள்ளைக்கும், ரயிலில் அரைத்தூக்கம் தூங்கிய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை மதியம் பார்ப்பீர்கள். மறுநாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலையும் பார்க்கலாம் என்றால் செவ்வாயைத் தவிருங்கள், அன்று அதற்கு விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் திணிக்கவே வேண்டாம்.

சிங்கப்பூரில் மச்சான் இருக்கிறார், அங்கே போகலாமா என்றும் கேட்டீர்கள். திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. யுனிவர்சல் ஸ்டூடியோஸில் நான்கு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. விமானத்தில் மட்டும் இரண்டு வயது முடிந்துவிட்டால் தனி இருக்கை எடுக்க வேண்டும். அங்கேயும் பள்ளி விடுமுறைதான் பருவம். ஜூன் மாதமும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரையும் கூட்டம். மார்ச் நடுவில் ஒரு வாரம். சீனப் புத்தாண்டு கழிந்து, அந்த மார்ச் வாரத்துக்கு முன்னால் போனால் நம் மாசியே அங்கும் ஒத்துவரும்.

பெரிய செலவுக்கு முன் ஒரு சின்ன ஒத்திகை பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லணைச் சிறுவர் பூங்காவுக்கோ தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவுக்கோ கூட்டிப்போங்கள். ஊஞ்சலில் பயப்படுகிறாளா, பெரிய சத்தம் கேட்டால் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாளா, எத்தனை மணிக்கு முகம் சுருங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகமூடி வேஷக்காரர்களைக் கண்டு அலறும் பிள்ளைகள் நிறைய. அலறினால் போட்டோவுக்காகத் தள்ளிவிட வேண்டாம். கூட்டம் குறைவென்றாலும் பிள்ளை தொலைய ஒரு நிமிஷம் போதும். காலையில் போட்ட உடுப்போடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் போன் நம்பரை எழுதி அவள் சட்டைக்குள் குத்திவிடுங்கள்.

கடைசியாகப் பணக் கணக்கு. கொடுத்த காசுக்கு மூடும்வரை இருக்க வேண்டும் என்று மனசு சொல்லும். நாலு மணிக்கு அவள் சோர்ந்தால் நாலு மணிக்கே கிளம்புங்கள். நீங்கள் டிக்கெட் வாங்கியது அவளுடைய நல்ல நேரத்துக்கு. பெரிய ரைடுகள் எங்கும் போகாது. 140 சென்டிமீட்டர் எட்ட அவளுக்குப் பத்து வயது தாண்டும். அப்போது தஞ்சோராவில் ஏற்றச் சொல்லி அவளே உங்களை இழுத்துக்கொண்டு போவாள். மே மாதத்தில், எல்லோரோடும் சேர்ந்து வரிசையில் நிற்கத் தயாராக இருங்கள்.