மூல மரத்தின் கிளைகள்

பலர் கூடி எழுதுவதினும், எழுதியவற்றைப் பலருக்கும் பயன்பட அடுக்கிவைத்தல் அரிய பணியாகும். கணினியை இயக்கும் மென்பொருளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருளுக்கோ இது பெரிதும் பொருந்தும். நிரற்கோப்புகள் அடைவுக்குள் அடைவாகக் கிளைத்து நிற்கும் அமைப்பை மூல மரம் என்பர். அம்மரத்தை எவ்வாறு வகுத்தல் வேண்டும்? ஒரு சான்று காண்போம்.

யுனிக்ஸ், லினக்ஸ் முதலியவற்றின் திரையிலே சாளரங்களைத் தோற்றுவிக்கும் எக்ஸ் என்னும் முறைமை, 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பிறந்தது. இருபது ஆண்டுகளிற் பெருகிய அதன் நிரல் முழுவதும் ஒரே மரமாக இருந்தது. எழுத்துருக்களும், பிற நிரல்களுக்கு உதவும் நிரலகங்களும், திரை அட்டைகளுக்குரிய இயக்கிகளும் ஒருசேரவே வெளிவந்தன. ஆதலின், ஓர் இயக்கியில் ஒரு வரியே திருத்தப்படினும், முழு மரத்தின் அடுத்த வெளியீடுவரை அது காத்திருக்க நேர்ந்தது. புதிதாக உதவ வருவோர்க்கும் மரத்தின் பருமனே தடையாயிற்று.

இந்நிலையில், எக்ஸ்.ஓர்க் அமைப்பினர் 2005 டிசெம்பர் 21ஆம் நாள் இரு பதிப்புகளை ஒருங்கே வெளியிட்டனர். 6.9 என்பது பழைய ஒற்றை மரம், 7.0 என்பது அதே நிரலைக் கூறுகளாகப் பிரித்த புதிய மரம். நிரல் ஒன்றே; அடுக்கு மட்டும் வேறு. புதிய மரத்திலே வழங்கி, இயக்கிகள், நிரலகங்கள், எழுத்துருக்கள், பயன்பாடுகள், நெறிமுறைகள் எனக் கிளைகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு கூறும் தனக்கெனப் பதிப்பெண் பெற்றுத் தனித்தே வெளிவரலாயிற்று. இயக்கியைத் திருத்துவோர் எழுத்துருக்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும், பிரிவினைக்கும் ஒரு விலை உண்டு. முன்னர் ஒரே மரத்துக்குள் தாமே இணங்கி நின்ற கூறுகள், இப்பொழுது எக்கூறின் எப்பதிப்புத் தமக்கு வேண்டும் என்பதை வெளிப்படையாகக் கூறவேண்டியனவாயின. மேலும், நெறிமுறைகளை வரையறுக்கும் கோப்புகள் பற்பல சிறு பொதிகளாகச் சிதறின. அவையோ ஒன்றோடொன்று சேர்ந்தே பயன்படுவன, அடிக்கடி மாறாதன. எனவே 2018ஆம் ஆண்டில் அவை மீண்டும் ஒரே பொதியாக இணைக்கப்பட்டன.

இதனால் நாம் அறிவது யாது? பிரித்தலும் சேர்த்தலும் தம்மளவில் நன்மையோ தீமையோ அல்ல. சேர்ந்து மாறுவன சேர்ந்திருத்தல் வேண்டும். தனித்து மாறுவன தனித்திருத்தல் வேண்டும். அவ்வாறு வகுத்த மரத்திலே, புதிதாக வருவோரும் தமக்கு ஏற்ற கிளையை எளிதிற் கண்டு பணிபுரிவர்.