உவர் நீருக்கேற்ற பயிர்: அட்டவணை பார்க்கும் முறை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள குடியானவர்களுக்குக் கிணற்று நீரின் உவர்ப்பு புதிய செய்தியன்று. தோல் கெடாதிருக்கும்பொருட்டு இடப்படும் உப்பு, ஊறவைத்துக் கழுவுங்கால் நீரிலிறங்கி, கழிவோடு நிலத்தடியைச் சேர்கின்றது. இத்தோல் பதனிடும் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்ற கணக்கை, 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதிய சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. ஆயினும் உவரேறிய கிணறுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. எக்கிணற்றுக்கு எப்பயிர் பொருந்துமென்பதை ஓர் அட்டவணையால் ஒருவாறு அறியலாம்.

ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனத்திற்காக ஏர்ஸ், வெஸ்ட்காட் என்னும் இருவர் எழுதி, 1985-ல் திருத்தி வெளியிடப்பட்ட நூலில் அது காணப்படும். இடப்புறம் பயிர்களின் பெயர்கள். மேற்புறம் 100, 90, 75, 50, 0 என்னும் விளைச்சற் சதவீதங்கள். வரிசையும் பத்தியும் கூடுமிடத்தில் உள்ள எண், அந்த விளைச்சலுக்குப் பொறுக்கத்தக்க உவர்ப்பாகும். இது மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று குறிக்கப்படும்.

தவறு நேருமிடம் ஒன்றுண்டு. ஒவ்வொரு சதவீதத்தின் கீழும் இரண்டு பத்திகள் உள்ளன; முதலாவது மண்ணின் உவர்ப்பு, இரண்டாவது பாசன நீரின் உவர்ப்பு. ஒரு கிணற்று நீரின் உவர்ப்பு 3.4 என்று வைத்துக்கொள்வோம். நெல் வரிசையில் மண்ணுக்குரிய எண்கள் 3.0, 3.8. இவற்றைப் பார்த்தவர் பத்தில் ஒரு பங்குகூட நஷ்டமில்லையென்று நாற்று விட்டுவிடுவார். நீருக்குரிய பத்தியிலோ 3.4 என்பது 75 சதவீதத்தின் கீழ் நிற்கின்றது. காற்பங்கு நெல் போய்விடும்!

முதற் பத்தியை மட்டும் பார்ப்பதும் போதாது. முழு விளைச்சலுக்கு நெல் தாங்கும் நீர் 2.0, நிலக்கடலை தாங்குவது 2.1, கடலையே மேலென்று தோன்றும். ஆனால் 3.3-க்கே கடலை பாதியாகிவிடுகின்றது. சோளமோ 4.5 வரை குறைவின்றி விளையும், பருத்தி 5.1 வரை தாங்கும்.

இந்நாளில் இவ்வட்டவணையைக் கணினி விரிதாளில் ஏற்றி வைத்துக்கொள்வோர் உளர். அங்கே ‘விலுக்அப்’ என்னும் சூத்திரம் பத்தியை எண்ணிக்கையால் தேடுவது. நடுவே ஒரு பத்தியை நுழைத்துவிட்டால், யாதொரு எச்சரிக்கையுமின்றி வேறொரு பத்தியின் எண்ணைத் தந்துவிடும். வரிசைப் பெயரையும் பத்தித் தலைப்பையும் தனித்தனியே ‘மேட்ச்’ கொண்டு தேடி, ‘இண்டெக்ஸ்’ கொண்டு எண்ணை எடுத்தல் நலம். மேட்ச் சூத்திரத்தின் இறுதியில் 0 இடவேண்டும்; விட்டால் பெயர்கள் ஏறுவரிசையில் உள்ளனவென்று கருதி வேறொரு பயிரின் வரிசையைக் காட்டக்கூடும். தலைப்பில் வெறும் 90 என்றிருந்தால் முதலில் அகப்படுவது மண் பத்தியே. ஆகவே ‘மண் 90’, ‘நீர் 90’ என்று பிரித்தெழுதுக. மேலே சொன்ன நெல் நஷ்டம் இங்கும் காத்திருக்கின்றது.

இவ்வெண்கள் யாவும், பாய்ச்சும் நீரில் 15 முதல் 20 சதவீதம் வேருக்குக் கீழே வடிந்து உப்பைக் கழுவுமென்ற அனுமானத்தின்மீது அமைந்தவை. வடிகாலற்ற களிமண்ணில் இவை செல்லா. சோடியத்தின் மிகுதியையும் குரோமியத்தையும் இவ்வட்டவணை தெரிவியாது. நீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போதே அவற்றையும் கேட்டு வாங்கவேண்டும்.