திரும்பி வரும் மலேரியா: 14 நாள் மாத்திரை யாருடைய பொறுப்பு?

எரியோட்டிலிருந்து சென்னைக்குக் கட்டட வேலைக்குச் சென்ற தொழிலாளி ஒருவருக்கு, ஊர் திரும்பி மூன்று மாதங்கள் கழித்துக் குளிர்காய்ச்சல் வருவதாகக் கொள்வோம். சேரியின் சாக்கடைதான் காரணம் என்று ஊர் எளிதில் பழி சொல்லும். அறிவியல் சொல்வது வேறு.

தமிழ்நாட்டு மலேரியாவில் நீண்ட காலமாகப் பெரும்பங்கு சென்னையுடையது. அங்கு மிகுதியாகக் காணப்படுவது விவாக்ஸ் வகை. அதைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையை நாடுவதில்லை. மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டுமானத் தளத்தில் தேக்கிய நீர் ஆகியவற்றிலேயே முட்டையிடுகிறது. விவாக்ஸ் ஒட்டுண்ணியின் ஒரு பகுதி கல்லீரலில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ உறங்கிக் கிடந்து, பின்னர் விழித்து இரத்தத்தில் இறங்குகிறது. புதிய கொசுக்கடி இல்லாமலே காய்ச்சல் திரும்புகிறது.

ஆகவே சிகிச்சைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. மூன்று நாட்கள் தரப்படும் குளோரோகுயின் இரத்தத்திலுள்ள கிருமியை அழிக்கிறது. கல்லீரலில் உறங்குவதைத் தொடுவதில்லை. அதற்கு பிரைமாகுயின் தேவை. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு மலேரியா மருந்துக் கொள்கை, உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் 14 நாட்கள், மேற்பார்வையில் தரவேண்டும் என்கிறது.

இது எவ்வளவு பயனளிக்கிறது? ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, இந்தோனேசியா, வியட்நாம் நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இதன் இருமடங்கு மொத்த அளவு தரப்பட்டது. அதைப் பெற்றோருக்குக் காய்ச்சல் திரும்பும் வீதம், பெறாதோரோடு ஒப்பிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அம்மொத்த அளவை ஏழே நாட்களில் தந்தபோதும் பயன் குறையவில்லை. ஒரே வேளை மருந்தான டாஃபெனோகுயினை 2018இல் அமெரிக்கா ஏற்றது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், அதை உட்கொண்டோரில் சுமார் 62 விழுக்காட்டினர் ஆறு மாதங்கள் நோய் திரும்பாதிருந்தனர். வெற்று மாத்திரை பெற்றோரில் சுமார் 28 விழுக்காட்டினரே அவ்வாறிருந்தனர்.

எச்சரிக்கையும் வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளோருக்கு இம்மருந்துகள் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம். சிறுநீர் கருநிறமானால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரை நாடவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தரக்கூடாது.

குளோரோகுயினால் சில நாட்களில் காய்ச்சல் தணிந்துவிடுகிறது. மாத்திரையோ இன்னும் பல நாட்கள் மிஞ்சியிருக்கிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் வயிறு வலிக்கும். நாள்தோறும் சுகாதார நிலையம் சென்றால் கூலி போகும். இந்நிலையில் மருந்து பாதியில் நின்றால், 'நோயாளியின் அலட்சியம்' என்று எழுதிவிடுவது அநீதி.

தொழிலாளரின் உடல்நல உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று, கல்நார் தொழிலாளர் தொடர்பான வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையின் நடைமுறைப் பொருள் இதுதான்: ஜி6பிடி சோதனை இலவசமாகக் கிடைக்கவேண்டும்; மேற்பார்வை குடியிருப்புக்கும் கட்டுமானத் தளத்துக்கும் நூற்பாலை விடுதிக்கும் தேடிவர வேண்டும்; எந்த மருந்து, எத்தனை நாள் என்ற குறிப்பு, இடம்பெயரும் தொழிலாளியின் கையிலேயே இருக்கவேண்டும்.

2030க்குள் மலேரியாவை ஒழிப்பதாக ஒன்றிய அரசு இலக்கு வைத்துள்ளது. கூலி இழக்காமல் 14ஆம் நாள் மாத்திரையைத் தொழிலாளி விழுங்க வழிசெய்யாத வரை, அவ்விலக்கு வெறும் அறிவிப்பே.