அணிசேராமையும் கோதுமைக் கப்பல்களும்

அயல்நாட்டுக் கொள்கையைப் பயிலும் மாணவர்கள் ‘அணிசேராமை’ என்பதற்கு ‘நடுநிலைமை’ என்று பொருள் எழுதுவதைக் காண்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. நடுநிலைமை என்பது போரில் எத்தரப்பிலும் சேராத நாட்டிற்குப் பன்னாட்டுச் சட்டம் வகுத்துள்ள நிலை. அதற்குரிய உரிமைகளும் கடமைகளும் உண்டு. 1815-இல் ஐரோப்பிய வல்லரசுகள் ஏற்றுக்கொண்ட சுவிட்சர்லாந்தின் நிலை இதற்குச் சான்று. அணிசேராமையோ சட்டநிலை அன்று. எந்த இராணுவக் கூட்டிலும் முன்கூட்டியே தன்னைப் பிணித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு சிக்கலையும் அதனதன் தகுதி நோக்கித் தீர்மானிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் கொள்கை அது.

இடைக்கால அரசின் பொறுப்பேற்றதும், 1946 செப்டம்பர் 7-ஆம் நாள் வானொலி உரையில் நேரு இக்கருத்தை வெளியிட்டார். 1950-இல் கொரியப் போர் மூண்டபோது அதன் பொருள் தெளிவாயிற்று. வடகொரியாவின் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. பாதுகாப்பு மன்றத் தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது, ஐ.நா. படைகள் 38-ஆவது அட்சக்கோட்டைக் கடந்து வடக்கே செல்வதை எதிர்த்தது; போர்ப்படை அனுப்பாமல் மருத்துவப் பிரிவு ஒன்றை அனுப்பியது. வாய்மூடி ஒதுங்கியிருந்த நாட்டின் செயல்கள் அல்ல இவை.

ஆனால் உரிமை வேறு, அதனைச் செலுத்தும் ஆற்றல் வேறு. இவ்வேறுபாட்டை இந்தியா கற்றது மாநாட்டு மண்டபங்களில் அன்று, துறைமுகங்களில்.

அமெரிக்கா 1954-இல் இயற்றிய பொதுச்சட்டம் 480-இன்படி, அதாவது பி.எல். 480-இன்படி, தன் மிகுதித் தானியத்தை வேற்று நாடுகளுக்கு அவற்றின் நாணயத்திற்கே விற்கலாயிற்று. இந்தியா 1956-இல் முதல் உடன்பாட்டையும், 1960-இல் நான்கு ஆண்டுகளில் 1.6 கோடி டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் பெறும் உடன்பாட்டையும் செய்துகொண்டது. விலையை ரூபாயில் செலுத்தினால் போதும் என்பதால் அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று. நகரங்களின் பங்கீட்டுக் கடைகளுக்கு மலிவான தானியம் கிடைத்தது. வேளாண்மைக்குப் போதிய முதலீடு செய்யாமல் காலம் தள்ளவும் அது இடம் கொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1965-இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. பாகிஸ்தானுடன் போரும் மூண்டது. 1964–65-இல் ஏறத்தாழ 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் மறு ஆண்டில் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அதிபர் ஜான்சன் நீண்டகால உடன்பாட்டுக்குப் பதிலாகச் சிறுசிறு தவணைகளாகவே தானியத்தை விடுவித்தார். 1966-இல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் 1 கோடி டன். அதில் பெரும்பகுதி அமெரிக்காவினுடையது. அவ்வாண்டு ஜூலையில் மாஸ்கோ சென்ற பிரதமர் இந்திரா காந்தி, வடவியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துமாறு கோரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். பின்னர் அவ்வாண்டின் பிற்பகுதியில் புதிய ஒதுக்கீடுகளுக்கான அமெரிக்க முடிவு தள்ளிக்கொண்டே போயிற்று. பீகாரில் அப்போது வறட்சி. வியட்நாம் பற்றிய நிலையை இந்தியா கைவிடவில்லை. ஆனால் அடுத்த கப்பல் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே அயலுறவு நடத்த வேண்டியிருந்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. 1965 நவம்பரில் ரோம் நகரில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனுடன் ஓர் உடன்பாடு கண்டார். வேளாண்மைக்கு முதலீட்டைப் பெருக்குவது, உரம், உயர்விளைச்சல் விதை ஆகியவற்றுக்கு முதலிடம் தருவது என்பவை அதன் சாரம். இவற்றை அன்னியர் திணித்த நிபந்தனைகள் என்று சாடியவர் உண்டு. எனினும் அமைச்சர் தம் அரசுக்குள் ஏற்கெனவே வாதாடி வந்தவையும் இவையே. வெளி அழுத்தம் எங்கே முடிந்து சொந்த விருப்பம் எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழிப்பது எளிதன்று.

1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. 1964–65-இல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967–68-இல் 1.65 கோடி டன் ஆயிற்று. 1971 இறுதியில் பி.எல். 480 இறக்குமதி நின்றது. அவ்வாண்டு வங்கதேச நெருக்கடியில் இந்தியா வாஷிங்டனின் விருப்பத்திற்கு மாறாக நடந்துகொண்டபோது, 1966-இல் போன்று தானியக் கப்பலை எதிர்நோக்கி நிற்கவில்லை. குவிந்திருந்த ரூபாய்க் கடனைத் தீர்க்கும் ஏற்பாட்டின்படி 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் அளித்தார்.

சார்புநிலை அத்துடன் மறைந்துவிடவில்லை; பண்டம்தான் மாறியது. புதிய விதைகளுக்கு உரம் வேண்டும். உரத்திற்கும் எரிபொருளுக்கும் இந்தியா பெருமளவில் பிறநாடுகளையே நோக்கியிருக்கிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ஐ.நா. வாக்கெடுப்புகளில் விலகி நின்ற இந்தியா, ரஷ்யாவிலிருந்து கச்சா எண்ணெய் வாங்குவதைப் பெருக்கியது. அதனைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது.