பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடலாமா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் கவலையோடு வந்தார். வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் இனி உதவாது, புதியது வாங்குங்கள் என்று விற்பனையாளர் சொல்லிவிட்டாராம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிவிடலாமா என்று கேட்டார்.

விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நண்பரின் கம்ப்யூட்டரில் இரண்டாவது இல்லை. மற்றபடி இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

"எங்கள் பள்ளியில் விண்டோஸே கிடையாதே, மாமா!" என்றாள் மகள். உண்மைதான். கேரளப் பள்ளிகளில் 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், இப்போது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக நடக்கிறது. பள்ளிகளுக்கு அது தருவது இலவச லினக்ஸ். அதன் அடிப்படையான உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. பள்ளித் தொகுப்புகளோ 18.04, 22.04 போன்ற, ஐந்தாண்டு ஆதரவுள்ள பதிப்புகளின் மேல் அமைந்தவை. பருவத்துக்கு ஒரு திரையை மாற்றினால் ஆசிரியர் பாடம் நடத்துவது எப்போது?

ரயில்வேயில் நாங்கள் கற்றதும் இதுதான். புதியது என்பதற்காக எந்த சிக்னல் கருவியையும் பாதையில் வைப்பதில்லை. சோதனையில் தேறியதையே வைப்போம்.

ஆகவே நண்பரின் கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸை, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்புடன் நிறுவினோம். டெபியன் சுமார் இரண்டாண்டுக்கு ஒரு நிலையான பதிப்பு வெளியிடுகிறது. இடையில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைதிருத்தங்களும்தான் வரும். 1996-ல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ-யில் ஒரு பட்டியும் ஒரு மெனுவும் உண்டு; பளபளப்பு குறைவு. நினைவகத்தை அலங்காரம் விழுங்காததால் வேகம் கிடைக்கிறது. தமிழ் 99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கடைக் கணக்கை டாலியில் எழுதுவோருக்கு விண்டோஸ் தேவைப்படும். மிகப் பழைய 32 பிட் இயந்திரங்களில் 2025-ல் வந்த டெபியன் 13-ஐ நிறுவ இயலாது. முதலில் புகைப்படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, பிரிண்டரும் இன்டர்நெட்டும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள்.

நண்பரின் சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது. மகளின் மேற்படிப்புக்கு ஆகும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அன்பர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.