‘செட்டில்’ ஆகிட்டியா மச்சி?

“என்னப்பா, லைஃப்ல செட்டில் ஆகிட்டியா?”

கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத பேச்சிலர் தமிழ்நாட்டில் உண்டா? என் பழைய ரூம்மேட் மட்டும் இதைக் கேட்டாலே இலையைப் பாதியில் மூடிட்டு எழுந்துடுவான். காரணம், அவன் நிஜமாவே ‘செட்டில்’ ஆனவன். கிரெடிட் கார்டு கடனில்!

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி சென்னைக்கு வந்தவன். முதல் சம்பளம் விழுந்த கையோடு ஒரு கார்டு. பைக்குக்கு டவுன் பேமென்ட், தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ், நடுநடுவே எங்களுக்கு ட்ரீட் (அந்த பிரியாணியில் எனக்கும் பங்கு உண்டு, மறுக்கல). அது போதாதுன்னு மொபைல் ஆப்ல ஒரு குட்டிக் கடன் வேற. 2021-ல கம்பெனியில் ஆள் குறைச்சப்ப, லிஸ்ட்ல இவன் பேரும் இருந்துச்சு. வேலை இல்லாத அந்த மாசங்கள்ல வட்டி, அபராதம் எல்லாம் ஏறி கார்டு பாக்கி மட்டும் ஒன்றேகால் லட்சம்.

அப்பதான் வசூல் ஏஜென்ட் தேன் குரல்ல சொன்னார்... “75 ஆயிரம் கட்டுங்க சார். மீதி 50 ஆயிரத்தைத் தள்ளுபடி பண்ணிடறோம். அதோட மேட்டர் ஓவர்!”

அம்மாவோட வளையல் அடகுக் கடைக்குப் போச்சு. போன் தொல்லை நின்னுச்சு. புது வேலையும் கிடைச்சுது. பையன் நிம்மதியா தூங்கினான்.

மூணு வருஷம் கழிச்சு ஊர்ல இருக்கிற வீட்டுக்கு மாடி எடுக்கலாம்னு லோன் கேட்டுப் போனா, பேங்க் ஆபீஸர் மானிட்டரை இவன் பக்கம் திருப்பிக் காட்டினார். கார்டு கணக்குக்கு நேரே ‘செட்டில்டு’ன்னு ஒரு வார்த்தை. “முழுசா கட்டியிருந்தா ‘க்ளோஸ்டு’ன்னு வரும் தம்பி. இது பேங்க்குக்கு நஷ்டம் வச்ச கணக்கு. கஷ்டம்...”

பல பேருக்குத் தெரியாத விஷயம் இதுதான். இந்தியாவில் நம்ம கடன் ஜாதகத்தை எழுதுறது நாலு கம்பெனிங்க. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல இருந்தா பேங்க்ல நாற்காலி போட்டு உட்கார வைப்பாங்க. ‘பாதி கட்டு, மீதி விட்டுடறோம்’ங்கிற டீல், தள்ளுபடி ஆன தொகையை மட்டும்தான் மறக்கும். தள்ளுபடி ஆன கதையை மறக்காது. அந்த விவரத்தைக் குறைஞ்சது ஏழு வருஷம் வச்சிருக்கணும்னு சட்டமே சொல்லுது.

‘லோன்தானே, வாங்காம இருந்துட்டுப் போறேன்’னு சொல்ற ஆளா நீங்க? பேங்க் எக்ஸாமுக்குக் கோச்சிங் போற நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ஸ்டேட் பேங்க்ல ஆபீஸர் வேலைக்குத் தேர்வான ஒருத்தரோட நியமனத்தை, அவரோட கடன் வரலாறு சரியில்லைன்னு பேங்க் ரத்து பண்ணிச்சு. 2025 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் அது சரிதான்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. ‘அறிவிப்பு வந்த தேதியில் எனக்குப் பாக்கியே இல்லை’ங்கிற அவரோட வாதம் எடுபடலை. கட்டி முடிச்சா மட்டும் போதாது, நடுவுல தவறியிருக்கவும் கூடாதுங்கிறதுதான் பேங்க் போட்ட நிபந்தனை. கொஞ்சம் கொடுமைன்னுதான் எனக்குப் படுது. ஆனா நிலைமை அதுதான்.

கல்விக் கடன் வாங்கினவங்களுக்கு இன்னொரு சிக்கல். அதில் அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருப்பாங்க. நீங்க தவணை தவறினா அவங்க ஸ்கோரும் சேர்ந்தே விழும். படிக்கும்போதே மாசா மாசம் வட்டியை மட்டுமாவது கட்டிட்டு வந்தா, பின்னாடி இ.எம்.ஐ. கழுத்தை நெரிக்காது.

சரி, சீக்கிரம் கடனை அடைக்கிறது எப்படி? ஒரு சின்னக் கணக்கு. கார்டுல 50 ஆயிரம் பாக்கி, மாச வட்டி 3.5 சதவிகிதம்னு வச்சுக்கங்க. வட்டி 1,750, அதுக்கு ஜி.எஸ்.டி. 315. ஆக 2,065 ரூபாய். நீங்க மாசம் 2,500 கட்டினா அசல்ல கழியறது வெறும் 435! இப்படியே போனா முடிக்க 43 மாசத்துக்கு மேல ஆகும். மொத்தம் ஒரு லட்சத்து எட்டாயிரம் வரைக்கும் போகும். அதையே மாசம் 5,000 கட்டினா 13 மாசம் சொச்சம்தான், மொத்தம் 66 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். (அதுவரைக்கும் கார்டைத் தேய்க்கவே கூடாது, ஆமா!) அதனால வட்டி அதிகமுள்ள கடன் எதுவோ, அதைத்தான் முதல்ல போட்டுத் தாக்கணும்.

முன்கூட்டியே அடைச்சா அபராதம் கேட்பாங்களே? 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படுற, வட்டி ஏறி இறங்கும் வகைக் கடன்களைத் தனிநபர்கள் முன்னாடியே அடைச்சா கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. அதில் கட்டணம் இருக்கலாம், பத்திரத்தைப் படிச்சுப் பாருங்க.

பிரிட்டன்ல ‘டெட் மேனேஜ்மென்ட் பிளான்’னு ஒண்ணு உண்டு. எல்லாக் கடன்காரங்களுக்கும் சேர்த்து மாசம் ஒரே தொகை கட்டினா போதும். அங்கேயும் தவணை தவறின குறிப்பு ஆறு வருஷம் நிக்கும். நம்ம ஊர்ல அந்த மாதிரி ஏற்பாடு பரவலா இல்லை. சம்பளம் நின்ன உடனே, தவணை தவறுறதுக்கு முன்னாடியே பேங்க்குக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கிறதுதான் வழி. ‘இ.எம்.ஐ. கட்டுறதை நிறுத்துங்க, பாதியில முடிச்சுத் தர்றோம்’னு வர்ற விளம்பரங்களைப் பார்த்தா ஓடிடுங்க. அது என் ரூம்மேட் போன அதே ரூட்!

அவன் அப்புறம் என்ன பண்ணினான்? ஒரு வருஷம் வயித்தைக் கட்டி 50 ஆயிரம் சேர்த்தான். பழைய பேங்க்குக்குப் போய், “நீங்க விட்டுக்கொடுத்த பணம், வாங்கிக்கங்க”ன்னான். கவுன்ட்டர்ல இருந்தவர் இவனை ஏற இறங்கப் பார்த்தாராம். நாலு நடை நடந்து, பணத்தைக் கட்டி, ‘பாக்கி எதுவும் இல்லை’ன்னு லெட்டர் வாங்கினான். ரிப்போர்ட்ல ‘செட்டில்டு’ போய் ‘க்ளோஸ்டு’ வந்துச்சு. தவணை தவறின மாசங்களோட குறிப்பு மட்டும் அப்படியே இருந்துச்சு. அதைக் காலம்தான் ஆத்தணும்.

லெட்டர் வந்தும் ரிப்போர்ட் மாறலைன்னா புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா நாளைக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை நாலு கம்பெனியும் இலவசமாத் தரணும். நாமளே எடுத்துப் பார்த்தா ஸ்கோர் குறையாது. ஒரே வாரத்துல அஞ்சு பேங்க்ல லோன் கேட்டாதான் அடி விழும்.

இப்ப அவன்கிட்ட 20 ஆயிரம் எஃப்.டி.யை அடமானமா வச்சு வாங்கின கார்டு ஒண்ணு இருக்கு. பெட்ரோலுக்கு மட்டும்தான். லிமிட்ல 30 சதவிகிதத்தைத் தாண்டறதில்லை, பில்லை முழுசா கட்டிடறான். போன மாசம் ஸ்கோர் 750-ஐத் தொட்டதும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். மாடி லோன் பேப்பர் மறுபடியும் உள்ளே போயிருக்கு.

ஒரே ஒரு இடத்துல மட்டும் அவன் கணக்குத் தப்பு. புது வேலை கிடைச்சதும் வட்டி அதிகமுள்ள அந்த ஆப் கடனைத்தான் முதல்ல அடைச்சிருக்கணும். இவன் வளையலை மீட்டான். ஏன்டான்னு கேட்டேன்.

“சாதம் போடும்போது அம்மா கையைப் பார்க்க முடியலடா.”