ஆயிரம் சரக்குக்கு ஆயிரம் நடையா?
கணிப்பொறியில் விலையும் வரியும் மொத்தமாக மாற்றும் முறை

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாறியதை வணிகர்கள் எவரும் மறந்திருக்க முடியாது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5க்கும், நெய், வெண்ணெய் ஆகியவை 12லிருந்து 5க்கும் இறங்கின. இரவு கடை அடைத்து மறுநாள் திறப்பதற்குள் பில் போடும் கணிப்பொறியில் அத்தனையும் மாறியாக வேண்டும். தவறினால் வாடிக்கையாளரிடம் கூடுதல் வரி வாங்கிய பழியும் கணக்குக் குழப்பமும் நமக்குத்தான். ஆகவே, உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாமும் ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தரகர் செய்யும் வேலை

இணையவழி மென்பொருள் எழுதப் பயன்படும் கட்டமைப்புகளில் ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் இணையதளப் பணிக்காக உருவாகி, 2005இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நமது சரக்கின் பெயர், விலை, வரி, இருப்பு எல்லாம் தரவுத்தளம் என்னும் கிடங்கில் இருக்கின்றன. மென்பொருளுக்கும் கிடங்குக்கும் இடையே நின்று பேசும் தரகர்தான் ஓ.ஆர்.எம். என்ற பகுதி.

சரக்கு ஒவ்வொன்றாக எடுத்து, திருத்தி, 'சேவ்' என்று கட்டளையிட்டால், தரகர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை கிடங்குக்குப் போய் வருவார். ஒரு நடைக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 3,000 சரக்குக்கு இரண்டரை நிமிடம். நேரம்கூடப் பெரிதல்ல. தனிப் பாதுகாப்பு எழுதப்படாத மென்பொருளில் பாதி வழியில் மின்சாரம் போனால், பாதிச் சரக்குக்குப் புதிய வரி, மீதிக்குப் பழைய வரி என்று நின்றுவிடும்.

மூன்று வழிகள்

1. எல்லாவற்றுக்கும் ஒரே மாற்றம் என்றால் 'அப்டேட்'. "ஷாம்பு வகை அனைத்துக்கும் வரி 5" என்ற ஒரே கட்டளை, ஒரே நடை.

2. சரக்குக்குச் சரக்கு விலை வேறுபட்டால் 'பல்க் அப்டேட்'. இது 2019இல் வந்த 2.2 பதிப்பில் சேர்ந்தது.

3. புதிய சரக்குகளைப் பட்டியலாக ஏற்ற 'பல்க் கிரியேட்'. இது 2012இல் வந்த 1.4 பதிப்பு முதல் உள்ளது.

இம்மூன்றிலும் மாற்றம் முழுதாக நடக்கும். இல்லையேல் எதுவுமே நடக்காது. பட்டியல் மிக நீளமானால் சில நூறு சரக்குகள் கொண்ட கட்டுகளாகப் பிரித்து அனுப்பலாம்.

கவனம் தேவை

மொத்தமாகச் செய்யும்போது தவறும் மொத்தமாகவே விழும். "18 உள்ளதெல்லாம் 5" என்று கட்டளையிட்டால் சலவைத் தூளும் 5க்கு வந்துவிடும். அது 18லேயே நீடித்த சரக்கு. வகை பார்த்தே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, இவ்வழிகளில் 'சேவ்' நடப்பதில்லை. விலை மாறியதும் பழைய விலையைக் குறித்து வைப்பது போன்ற வேலைகளை 'சேவ்' உடன் சேர்த்து எழுதியிருந்தால், அவை ஓசையின்றி விட்டுப்போகும். அவற்றைத் தனியே எழுதச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இருப்புக் கணக்கு. மென்பொருள் இருப்பை 100 என்று படிக்கிறது. வந்த 50 பெட்டியைக் கூட்டி 150 என்று எழுதப் போகிறது. அதற்குள் கல்லாவில் 3 பெட்டி விற்றிருந்தால், அந்த விற்பனை இருப்பில் மறைந்துவிடும். "இப்போது உள்ளதோடு 50 கூட்டு" என்று கிடங்கிடமே கூட்டச் சொல்லும் 'எஃப்' என்ற வழி ஜாங்கோவில் உண்டு. இருப்புக்கு அதுவே பாதுகாப்பு.

ஆகவே உறுப்பினர்கள் தங்கள் மென்பொருள்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்: விலை மாற்றம் ஒரே நடையில் நடக்கிறதா? இடையில் நின்றால் பழைய நிலைக்கே திரும்புமா? பழைய விலைக் குறிப்பும் இருப்பும் சரியாகப் பதிவாகின்றனவா? மாற்றத்துக்கு முன் கணக்கு முழுவதையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மாற்றிய பின் பத்துச் சரக்குக்குச் சோதனை பில் போட்டுப் பார்த்துவிட்டுக் கடையைத் திறங்கள்.